உன் ஆளு யாரு

கிருஷ்ணசாமி சார் கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். இடது பக்கம் சேந்தன் என்று எழுதினார். வலது பக்கம் மருதாசலம். கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

“ரெண்டு பேருமே பேர் வாங்கின டைரக்டர்ஸ். ரெண்டு பேர் படமும் பார்த்திருப்பீங்க. வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தரா முன்னாடி வந்து, ரெண்டு பேரையும் கம்பேர் பண்ணிப் பேசணும். இங்கிலீஷ்ல. பெட்டர் தேன், தி பெஸ்ட் ரெண்டும் வரணும். முடிக்கும்போது உங்க ஆளு யாருன்னு சொல்லிட்டு உட்காரணும்.”

முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு பொங்கி வந்த பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி சட்டென்று அடங்கியது.

சார் தஞ்சாவூர்க்காரர். ரிட்டயரானதும் மகள் வீட்டோடு உத்திரமேரூருக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார். சினிமா என்றால் பிள்ளைகள் வாயைத் திறப்பார்கள் என்பது அவர் எண்ணம். அந்தக் கேள்வி சினிமாவைப் பற்றியது இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ‘நீங்க இன்னா ஆளுங்க?’ என்று முகத்துக்கு நேரே கேட்க இப்போதெல்லாம் படித்தவர்களுக்குக் கூச்சம். அதனால் டீக்கடையில், புதிதாகச் சேர்ந்த வேலையில், வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் பேச்சோடு பேச்சாக, ‘உன் ஆளு யாரு, சேந்தனா மருதாசலமா?’ என்று கேட்டுவிடுகிறார்கள். சேந்தன் என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் தெரு. மருதாசலம் என்றால் மற்ற தெருக்கள். கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். அப்புறம் பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும்.

“சார், ரெண்டு பேரும் ஈக்வல்னு சொல்லலாமா?” என்று முன் பெஞ்சிலிருந்து வினோத்குமார் கேட்டான்.

“ஈக்வல்னு சொல்றவன் எந்தத் தெருன்னு எங்களுக்குத் தெரியும்டா, உக்காரு!” என்று பின்னாலிருந்து ஏகாம்பரம் கத்தினான். வகுப்பு மறுபடி சிரித்தது. என்ன நகைச்சுவை என்று புரியாமலே சாரும் சிரித்தார். வினோத்குமார் மட்டும் சிரிக்கவில்லை. நிஷா தலையைக் குனிந்து, பேனா மூடியைத் திறந்து மூடினாள்.

நிஷா என்ற பெயரில் எந்தத் தெரு என்று தெரியாது. அதற்காகவே அவள் அம்மா செல்லாயி தேடி வைத்த பெயர் அது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் நாள் முழுக்கப் புடவைகளைப் பிரித்துக் காட்டி, மறுபடி மடித்து வைப்பது நிஷாவின் வேலை. சாயங்காலம் பஸ் ஏறினால் அவளுடைய ஊரான திருப்புலிவனம் வந்துபோகும். அவள் இறங்க மாட்டாள். உத்திரமேரூர் வரை போய், வகுப்பு முடிந்து, அதே வழியில் திரும்பி வந்துதான் கோயில் ஸ்டாப்பில் இறங்குவாள். சென்னையில் ஒரு கம்பெனி வேலைக்கு இங்கிலீஷ் வேண்டும் என்றுதான் வகுப்பில் சேர்ந்தாள். இப்போது வருவதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் குமரேசன்.

குமரேசன் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை; பஜாரில் ஒரு மொபைல் கடையில் வேலை, சாயங்காலம் இதே வகுப்பு. வகுப்பு முடிந்ததும் அவளுடைய பஸ் வரும் வரை பஸ் ஸ்டாண்டில் கூடவே நிற்பான். முதலில் இருவரும் ‘நீங்க’ என்றுதான் பேசிக்கொண்டார்கள். அது எப்போது ‘நீ’ ஆனது என்று நிஷாவுக்கு நன்றாக நினைவிருந்தது. மழையில் பஸ் வராத ஒரு நாள், “இந்தா, நீ குடி” என்று அவன் தன் டீயை நீட்டினான். அந்த ‘நீ’யை அன்றைக்கு டைரியில் எழுதலாமா என்று யோசித்து, எழுதினால் கண்பட்டுவிடும் என்று விட்டுவிட்டாள். போன மாதம், “எங்கம்மாகிட்ட உன்னப் பத்திச் சொல்லிட்டேன்” என்றான். அவள் எந்தத் தெரு என்று அவன் கேட்டதில்லை. கோயில் ஸ்டாப் என்றதும் கோயில் தெரு என்று அவனே எடுத்துக்கொண்டான். அவளும் திருத்தவில்லை. சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் மாடிப்படி இறங்குவாள். பஸ் வந்துவிடும்.

இனி வெள்ளிக்கிழமை. சேந்தன் என்றால் அவன் போய்விடுவான். மருதாசலம் என்றால் பொய்.

பொய்யா? அங்கேதான் அவளுக்குச் சிக்கல் தொடங்கியது.

எதையும் வரிசையாகச் செய்துதான் அவளுக்குப் பழக்கம். மடிப்புக் கலையாமல் புடவையைப் பிரிக்கிற மாதிரி, இரண்டு பேருடைய படங்களையும் முதலிலிருந்து மறுபடி பார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்தாள். இரண்டு பேரும் மழையை எப்படி எடுக்கிறார்கள், சோறு தின்பதை எப்படிக் காட்டுகிறார்கள், ஒரு பெண் தனியாக இருக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று டைரியில் எழுதிக்கொண்டே வந்தாள்.

சேந்தனின் படத்தில் ஒரு பெண், கரண்டே வராத தன் தெருவுக்குத் தானே கம்பி இழுப்பாள். தியேட்டரில் அந்தக் காட்சிக்கு நிஷாவின் அண்ணன் பெஞ்சமின் நாற்காலி மேல் ஏறி நின்று, விசில் அடித்துக்கொண்டே அழுதான். நிஷாவும் அழுதாள். தன் தெருவை, தன் வீட்டு வாசலை, தன் அம்மாவின் முகச் சாடையை அத்தனை பெரிய திரையில் அவள் பார்த்தது அதுதான் முதல் முறை. இப்போது மறுபடி பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அழுகை வருவதற்கு முன்பே வயலின் வந்து, ‘இங்கே அழு’ என்று சொல்லிவிடுகிறது. எழுதியதைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அடித்தாள். உண்மைதானே என்று மறுபடி எழுதினாள்.

மருதாசலத்தின் படத்தில் ஒரு பெரிய வீடு, கல்யாணக் கூட்டம். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, புருஷனை இழந்த மருமகள் அடுக்களையில் தனியாகக் குந்தி, பானையின் அடியில் ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டுகிறாள். இசை இல்லை. கரண்டி உரசுகிற சத்தம் மட்டும். கேமரா கொல்லைப்புறக் கதவருகே அசையாமல் நிற்கிறது. அப்போது கொல்லையிலிருந்து ஒரு பெண் குரல், “அம்மா...” என்கிறது. மருமகள் நிமிர்ந்து பார்க்கிறாள். சுரண்டிய சோறு முழுவதையும் கொண்டுவந்து, திரையின் கீழ் ஓரத்திலிருந்து நீளும் ஒரு கையில் இருக்கிற அலுமினியத் தூக்கில் போடுகிறாள். வெறும் பானையைக் கழுவக் கவிழ்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

ஒவ்வொரு தடவையும் நிஷா சாப்பாட்டு டப்பாவைப் பாதியிலேயே மூடி வைத்தாள். யாரும் ‘அழு’ என்று சொல்லவில்லை. சேந்தனின் எந்தக் காட்சியும் அவளை இந்த மாதிரிச் செய்ததில்லை. ஆனால் கொல்லையில் நின்ற அந்தப் பெண்ணுக்கு முகம் கிடையாது. ஒரு கை, ஒரு தூக்கு, ஒரு குரல். அந்தக் கை யாருடைய கை என்று நிஷாவுக்குத் தெரியாதா?

மூன்று நாள் தன்னையே குறுக்கு விசாரணை செய்தாள். குமரேசனுக்காகத்தான் மருதாசலத்தைப் பிடிக்கிறதோ? அவனைச் சந்திப்பதற்கு முன்பே அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறாளே. அன்றைக்கும் சோறு இறங்கவில்லையே. கடைசியில் பேச்சை எழுதினாள். சேந்தன் எனக்கு முகம் கொடுத்தவர், மருதாசலம் எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர், என் ஆள் மருதாசலம். அதற்குப் பிறகு ஒரு வரி: ‘ஆனால் கொல்லையில் நின்றவளின் முகத்தை அவர் காட்டவில்லை, எனக்குப் பிடித்தவர் மேல் எனக்கு அந்த வருத்தம் உண்டு.’ அந்த வரியைச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு அவள் எந்தத் தெரு என்று தானாகவே விளங்கிவிடும். பொய்யும் இல்லை, ஒளிப்பதும் இல்லை. குமரேசனுக்கும் அப்படியே தெரியட்டும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் பேச எழுந்தாள். பானை சுரண்டும் சத்தத்தைச் சொல்ல இங்கிலீஷ் வார்த்தை கிடைக்காமல், மேசையை நகத்தால் கீறிக் காட்டினாள். வகுப்பு அசையாமல் கேட்டது. ஏகாம்பரம்கூடக் கத்தாமல் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். “மை டைரக்டர் இஸ் மருதாசலம்” என்றாள். கடைசி வரிக்கு வாயைத் திறந்தாள். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் குமரேசனின் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்திருந்தது.

“தேங்க் யூ” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் குமரேசன் இரண்டு டீயோடு ஓடி வந்தான்.

“இன்னா நிஷா, பிச்சு ஒதறிட்ட போ! உன் ஆளு நான்னு நெனச்சிக்கினு இருந்தேன். போட்டிக்கு மருதாசலம் வந்துட்டாரு.”

“சும்மா இரு.”

“நெஜமா. ஏகாம்பரம் வீடியோ எடுத்து குரூப்ல போட்டுட்டான். நான் எங்கம்மாவுக்கு அனுப்பிட்டேன்.”

“உங்கம்மாவுக்கு எதுக்கு?”

“அது ஒரு மாசமா ஒரே நச்சு. ‘பொண்ணு எந்தப் பக்கம்டா, கேட்டியா, கேட்டியா’ன்னு. அத எப்டிப் போயி உன்கிட்ட கேக்கறது, அசிங்கமா இல்ல? இப்ப நீயே சொல்லிட்ட.”

“நான் இன்னா சொன்னேன்?”

“அதான், மருதாசலம்னு.” டீயை உறிஞ்சினான். “அவரும் எங்க ஆளுங்க இல்லதான். ஆனா அந்தப் பக்கம் இல்லன்னா போதும்னுது அம்மா. ஞாயித்துக்கெழம இட்டாந்துடறேன். புலிவனம் கோயில்ல சாமி கும்புட்ட மாதிரியும் ஆச்சு, உன்னப் பாத்த மாதிரியும் ஆச்சு. கோயில் தெருவுலதான வூடு?”

பானை, கரண்டி, கொல்லைக் கதவு என்று அவள் பேசிய எதுவும் அவன் காதில் விழவில்லை. ஒரு பெயர்தான் விழுந்திருக்கிறது. அவனும் கேள்விக்கு விடை கிடைத்தவன் மாதிரிதான் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“பஸ் வந்துடுச்சு” என்றாள் நிஷா.

கோயில் ஸ்டாப்பில் இறங்கி, ஏரிக்கரையைத் தாண்டி, சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் தன் தெருவுக்கு நடந்தாள். பெஞ்சமின் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, வாசலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் போன். போனில் அவளுடைய குரல்.

“வேன் டிரைவருங்க குரூப்புக்கே வந்துட்ச்சு. ‘பெஞ்சமினு, உன் தங்கச்சி கட்சி மாறிட்ச்சு’ன்னு ஒருத்தன் சிரிக்கிறான்.”

“அண்ணா, நீ முழுசா கேட்டியா?”

“இங்கிலீஷ்ல பேசுனா எனக்குப் புரியாதுன்னு நெனச்சிக்கினியா? நமக்குன்னு ஒரே ஒரு ஆளு வந்தான் நிஷா. நம்ம மூஞ்சிய ஊருக்குக் காட்னான். அவன வுட்டுட்டு...”

“அவரையும் நல்லாதான் சொன்னேன்.”

“அந்த சோறு சுரண்ற சீன நானும் பாத்தேன். கொல்லையில நின்னுக்கினு சோத்துக்குக் கூப்புடுதே ஒரு பொம்பள, அது யாரு? நம்ம அம்மா அப்டி நின்னது. இதே ஊர்ல. உன் ஆளு அதோட மூஞ்சியக் காட்னானா?”

நிஷா எழுதி வைத்த அதே வரி.

“அத சொன்னியா?”

“எழுதி வச்சிருந்தேன்.”

“சொன்னியா?”

“இல்ல.”

“ஏன்?”

நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லலாம். சார் கடிகாரத்தைப் பார்த்தது உண்மை. ஆனால் நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. நேரத்துக்காக நிறுத்தினாளா, குமரேசனின் முகத்துக்காக நிறுத்தினாளா? எவ்வளவு தோண்டியும் அவளுக்கே தெரியவில்லை.

“அங்க எவனோ ஒருத்தன் கீறான்” என்றான் பெஞ்சமின் மெதுவாக. “அவனுக்காவ சொல்லிக்கினு வந்துக்கீற. எனக்குத் தெரியும்.”

“சத்தியமா இல்லண்ணா. எனக்குப் பிடிச்சிச்சு.”

“நம்மாளுங்களுக்கு அவன எப்டிப் பிடிக்கும்?” போனைக் கவிழ்த்து வைத்தான். “இனிமே எவனாவது கேட்டா, அது என் தங்கச்சியே இல்லன்னு சொல்லிடறேன்.”

“சினிமாக்காரனுக்காவ கூடப் பொறந்ததுங்க அடிச்சிக்கிதுங்களே, சாப்பாடு ஆறுது” என்று உள்ளேயிருந்து செல்லாயி கத்தினாள். பெஞ்சமின் சாப்பிட வரவில்லை. அம்மா சோறு போடும்போது நிஷா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், பஸ்ஸுக்கு இடம் கொடுக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று படி இறங்கும்போதே தொடங்கினாள்.

“எங்க வூடு கோயில் தெருவுல இல்ல.”

“எங்க இருந்தா இன்னா, கோயில்லதான பாக்கப் போறோம்.”

“ஏரிக்கரையத் தாண்டி, சர்ச்சுக்குப் பின்னாடி. எங்கண்ணன் பேரு பெஞ்சமின்.”

குமரேசன் சிரித்தான். “வெளையாடாத.” அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அவன் உதட்டிலேயே கொஞ்ச நேரம் நின்று, போக வழி தெரியாமல் காய்ந்தது. இருவரும் சாலையைக் கடந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அவன் டீ வாங்கப் போகவில்லை.

“அப்ப நேத்து பேசுனது?”

“நேத்து பேசுனது நெஜம். எனக்கு அந்த சீனு பிடிக்கும்.”

“உங்காளுங்களுக்கு அவர எப்டிப் பிடிக்கும்?”

ஒரே கேள்வி. வாசலில் அண்ணன் கேட்ட அதே கேள்வி. முதல் சொல்தான் மாறியிருந்தது. நம்மாளுங்க, உங்காளுங்க.

“எனக்காவ நடிச்சேன்னு சொல்லு” என்றான். அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. அதுதான் அவளை அறுத்தது. “உன் மேல இருந்த ஆசையில பொய் சொல்லிட்டேன்னு சொல்லு. அதுலயாவது ஒரு ஞாயம் கீது. எங்கம்மாகிட்ட நான் எதுனா பேசிப் பாப்பேன். பிடிச்சிச்சுன்னு சொல்றியே, அதத்தான் நம்ப முடியல.”

ஒரு வார்த்தை போதும். ‘ஆமாம்’ என்றால் அவன் நிற்பான். இரண்டு கையாலும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் இந்த உலகத்தில் அவளாகப் பார்த்து, அவளாகத் தேர்ந்தெடுத்த ஒன்றே ஒன்றும் பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு அவன் யாரோடு நிற்பான்?

“நடிக்கல” என்றாள்.

குமரேசன் போனை எடுத்துப் பார்த்தான். அதில் எதுவும் வந்திருக்கவில்லை. திரும்பப் பையில் வைத்தான்.

“நாளைக்கி... அம்மாவுக்கு முட்டி வலி. வராதுன்னு நெனைக்கிறேன்.”

“சரி.”

காஞ்சிபுரம் பஸ் திரும்பி உள்ளே வந்தது. அவன் ஒரு அடி விலகி வழிவிட்டான்.

“பஸ் வந்துட்ச்சு. நீங்க கெளம்புங்க.”

நீங்க. மரியாதையாகத்தான் சொன்னான்.

ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வெளியே பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேர் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்களே, அப்படியானால் தப்பு தன்னிடம்தானோ என்று நினைத்தாள். தனக்கு ஒன்று பிடிக்கிறது என்று தானே சொல்லிக்கொள்ள முடியுமா, அதற்கும் தெருவிடம் கேட்க வேண்டுமா? உண்மையிலேயே பிடித்ததா என்று சோதித்துப் பார்க்கப் போனை எடுத்து அந்தக் காட்சியைப் போட்டாள்.

கரண்டி உரசியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அலுவலகத்தில் யாரோ காகிதம் புரட்டுவது போல இருந்தது. சரி, இதுவும் போயிற்று என்று அணைக்கப் போனபோது அந்தக் குரல் வந்தது. “அம்மா...” மருமகள் நிமிர்ந்தாள். நேராக நிஷாவைப் பார்த்தாள்.

நிஷா படத்தை நிறுத்தினாள்.

குரல் கொடுத்தவளை அல்லவா அவள் பார்க்க வேண்டும்? பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். மருமகள் நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். கீழ் ஓரத்திலிருந்து நீள்கிற கை, பார்க்கிறவரின் மடியிலிருந்தே நீள்கிறது. கேமரா கொல்லைக் கதவருகே நிற்கவில்லை. கொல்லையில் நிற்கிறவளின் கண்ணில் நிற்கிறது. முகம் காட்டாததற்குக் காரணம் அதுதான். இவ்வளவு நேரமும் அவள் பார்த்தது அந்தப் பெண் பார்த்ததை. அம்மா பார்த்ததை.

அப்படித்தானா? அல்லது அவருக்காகத் தானே வக்காலத்து வாங்குகிறேனா? எவ்வளவு ஓட்டிப் பார்த்தாலும் படம் அதற்குப் பதில் சொல்லவில்லை. யாரிடமாவது காட்டி, ‘இங்க பாரு, இந்தக் கை எங்கேயிருந்து வருதுன்னு பாரு’ என்று கேட்க வேண்டும் போல இருந்தது. விரல் தன்னால் குமரேசனின் பெயருக்குப் போனது. நின்றது. அதற்குக் கீழே பெஞ்சமினின் பெயர். அங்கேயும் நின்றது.

“புலிவனம் கோயில் எறங்கு” என்று கண்டக்டர் கத்தினார்.

மருமகள் இன்னும் திரையில் நிமிர்ந்து பார்த்தபடியே இருந்தாள். நிஷா போனை அணைத்துவிட்டு எழுந்தாள்.